சம்மதத்துக்குப் பின்

காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. பரீட்சைக்குப் படிக்கிற பையன்கூட இதை ஒப்பித்துவிடுவான். ஆனால் இந்த விகிதத்தின் முன் கொஞ்சம் நின்று யோசித்தவர்கள் குறைவு. காண்பது, மயங்குவது, கண்ணின் குறிப்பை உணர்வது, கூடுவது, ஊர் வாயில் விழுவது எல்லாம் 70 குறள்களில் தீர்ந்துவிடுகின்றன. இன்று காதல் கதை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது மொத்தமும் அந்த 70க்குள் அடங்கிவிடக்கூடியது. மிச்சமுள்ள 180 எதற்காக என்று நம் கதாசிரியர்கள் தங்களைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நம் கதைகளில் காதல் ஒரு தடை ஓட்டம். சாதி, அப்பா, பணம், கூச்சம், ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டி ஒரு 'சரி'யை வாங்கியாக வேண்டும். வாங்கியதும் கதைக்கு வேலையில்லை. பழைய சினிமா அந்த இடத்தில் 'சுபம்' போட்டு விளக்கைப் போட்டது. பத்திரிகைத் தொடர்கதை மாலை மாற்றியதும் மூச்சை விட்டது. இதை உத்திக் குறைபாடு என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. இதற்குள் ஓர் அறக் கொள்கை ஒளிந்திருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்குத் தரும் சம்மதம் தந்த கணத்திலேயே பூர்த்தியாகிவிடுகிறது, அதன் பின் அது வாங்கியவரின் கையிருப்பு என்ற கொள்கை. இப்படிப் பச்சையாக எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஆயிரம் கதைகள் ஒரே இடத்தில் முடியும்போது இதைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. தொல்காப்பியர் இந்த விஷயத்தில் நம்மைவிடச் சந்தேகப்பிராணி. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே மணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்கிறார். சொன்ன சொல் தானாக நின்றுகொண்டிருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த ஊனம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் புரட்டும் ஜப்பானிய மங்கா சித்திரக் கதைகளில் காதலுக்கென்றே ஒரு பெரிய கிளை உண்டு. ஷீனா கருஹோ 2006 முதல் 2017 வரை எழுதி வரைந்த 'கிமி நி தோதொகே' 30 தொகுதிகள். பள்ளிக்கூடத்துப் பெண்ணும் பையனும் மனதைச் சொல்லிக்கொள்வது பாதிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மீதியை என்ன செய்வது? இந்த வகைக் கதைகளில் பல, புதிதாக ஒரு போட்டியாளரை இறக்கியோ, பண்டிகை, பிறந்தநாள் என்று நாட்காட்டியைப் புரட்டியோ சமாளிக்கின்றன. ஷீனாவின் கதையில் ஓரிடம் மட்டும் என்னை நிறுத்தியது. சொல்லிக்கொண்ட பிறகு இருவரும் ஒருவரையொருவர் அளவுக்கு மீறிப் பேணத் தொடங்குகிறார்கள். தொட்டால் நோகுமோ என்று அவன் ஒதுங்குகிறான். ஏன் ஒதுங்குகிறாய் என்று கேட்டால் தப்பாகிவிடுமோ என்று அவள் பேசாமலிருக்கிறாள். அந்த மரியாதையே சுவராக எழும்புகிறது. வெளியிலிருந்து யாரும் வந்து கெடுக்கவில்லை. சொல்லிவிட்டதுதான் காரணம்.

வள்ளுவர் இதே இடத்தில் மூன்று அதிகாரம் நின்றிருக்கிறார். அந்தப் பதினெட்டில் பெரும்பகுதி பிரிவுதான். போனவனை எண்ணிக் கண் பூத்துப்போவது நமக்குப் பழகிய சங்கதி. ஆனால் கடைசி மூன்றும் — புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை — கூடி வாழும் இருவருக்கிடையே நடப்பவை. அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், வாழ்த்திய வாயாலேயே எவள் நினைத்து வந்த தும்மல் என்று அழுகிறாள். அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொள்கிறான். யார் நினைப்பதை மறைக்கிறீர் என்று அதற்கும் அழுகை. இந்தப் பிறவியில் பிரிய மாட்டேன் என்கிறான். அப்படியென்றால் அடுத்ததில்? உன்னை நினைத்தேன் என்கிறான். நினைக்க வேண்டியிருந்தால் நடுவில் மறந்திருக்க வேண்டுமே!

பட்டிமன்ற மேடையில் இது கைதட்டல் வாங்கித் தரும் பகுதி. பெண்ணின் செல்லமான அசட்டுத்தனம் என்று வியாக்கியானம் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அவள் செய்வது தர்க்கம், அதுவும் ஈவிரக்கமற்ற தர்க்கம். களவில் ஒரே ஒரு சொல் பாக்கியிருக்கிறது, அது வந்துவிட்டால் போதும். கற்பில் எல்லாச் சொற்களும் வந்துவிட்டன; அதனாலேயே ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. 'நினைத்தேன்' என்ற நல்ல சொல்லைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மறதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் காசைத் தட்டிப் பார்த்து வாங்குகிறாள். அறமும் பொருளும் அமைச்சும் அரணும் பேசிய ஒரு நூல், 1330ஆவது குறளுக்கு இந்த அறைக்குள் வந்து, ஒரு சண்டையிலும் அது தணிந்த தழுவலிலும் முடிகிறது என்பது சாதாரண விஷயமில்லை.

இதைச் சொன்னதும் 'எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது' என்று கிளம்பும் கோஷ்டியோடு எனக்குச் சகவாசமில்லை. ஊடல் மருதத்தின் உரிப்பொருள். மருதம் இங்கே வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் பஸ்ஸில் போனால் இருபுறமும் தெரிவதுதான். (வையை மட்டும் இருந்தால் தெரியாது. 1895க்குப் பிறகு பெரியாற்றுத் தண்ணீர் வந்துதான் இந்தத் திணை பிழைத்துக் கிடக்கிறது.) இந்த வயல்வெளியின் பாட்டுகளில் நடப்பது தும்மல் சச்சரவு இல்லை. பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் கணவன் பாணனைத் தூது விடுகிறான். தோழி வாசலை மறிக்கிறாள். பெரும்பாலும் கடைசியில் கதவு திறந்துவிடுகிறது. பரிபாடலின் வையைப் பாட்டு ஒன்றில் மனைவியின் வளையும் ஆரமும் புனலாட வந்த பரத்தையின் உடம்பில் இருப்பது தெரிந்துவிடுகிறது. கரையில் கூட்டம் வேடிக்கை பார்க்க வாக்குவாதம். ஊடலின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நகையைப் பற்றி எழுதுவதில்லை. அவளுக்கு இருந்த ஆயுதம் ஒரு கதவு. அவனுக்கு ஊரே இருந்தது.

வள்ளுவர் பரத்தையைக் காட்சியிலிருந்து விலக்கிவிட்டார். சந்தேகத்தை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவள் அவனைப் பரத்தன் என்று ஏசுகிறாள்தான், ஆனால் எந்தப் பரத்தையும் வந்து நிற்பதில்லை. இது பெரிய காரியம். ஊடல் அதனால்தான் ஒழுக்கத்தின் விசாரணையாக இருந்தது மாறிச் சொல்லின் விசாரணையாகிறது. ஆனாலும் பெரும்பாலும் ஊடுவது அவள், தணிப்பது அவன் என்ற பழைய வேலைப் பிரிவினை அவரிடமும் அப்படியே கிடக்கிறது.

ஊடல் தோற்றுப்போனால் என்ன ஆகும் என்பதை எழுதியவர் இளங்கோ. கானல்வரியில் கோவலனும் மாதவியும் புதுக் காதலர்கள் இல்லை, குழந்தை பெற்றவர்கள். அவன் யாழெடுத்துப் பாடுகிறான். பாட்டுக்குள் வேறொருத்தி இருப்பதாக அவளுக்குப் படுகிறது. அவளும் வேறொருவன் இருப்பதுபோல் பாடுகிறாள். பாவனையை இருவரும் வாக்குமூலமாகக் கேட்கிறார்கள். அவன் எழுந்து போகிறான். பிறகு அவள் அனுப்பிய ஓலையையும் வாங்க மறுக்கிறான். நமக்கு அதிகம் மனப்பாடமாவது மதுரையில் நடக்கும் வழக்குரை. அதற்கு முன்பே, இந்த ஊர்க் கோட்டைக்கு வெளியே ஆயர் குடியிருப்பில், இன்னொரு வழக்கு நடந்துவிடுகிறது. மாதரி தந்த வீட்டில் கண்ணகி சமைத்துப் போடுகிறாள். உண்டபின் கோவலன், நான் எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே என்று உருகுகிறான். அப்போதுதான் அவள் சொல்கிறாள்: நீங்கள் நடந்துகொண்டது பெரியோர் போற்றும் ஒழுக்கமில்லை, உங்கள் அப்பா அம்மாவின் முன் நான் சிரித்த பொய்ச் சிரிப்பைக் கண்டு அவர்கள் உள்ளம் நொந்தார்கள். காவியத்தில் அவள் நேருக்கு நேர் அவனிடம் சொல்லும் முதல் குறை இது. அவன் சிலம்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறான். பத்தினிக்குக் கல் நட்டவர்கள் அந்தப் பொய்ச் சிரிப்பை மறந்துவிட்டார்கள். இந்த ஒரு பேச்சு சில ஆண்டுகள் முன்னால், புகாரிலேயே நடந்திருந்தால் என்று யோசிக்கும்போது எனக்கு அரசன் செய்த அநியாயம்கூட இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

நம் காலத்தில் இந்த இடத்துக்குத் துணிந்து வந்தவர் ஜெயகாந்தன். 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' நாவலில் கல்யாணியும் ரங்காவும் விரும்பி மணந்தவர்கள். அவனுடைய குறை விசித்திரமானது: மணத்துக்கு முன் எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கிறாள், தன்னைச் சார்ந்து உருகவில்லை. அவள் தன்னளவில் நிறைவாக இருப்பதே அவனைப் புண்படுத்துகிறது. விவாகரத்துக்கு வக்கீலிடம் போனால், எழுதிக் கொடுக்கக் காரணம் ஒன்றுமில்லை. புலவி நுணுக்கத்தைத் தலைகீழாக்கியது போலிருக்கிறது. இங்கே ஊடுகிறவன் ஆண். தமிழ் நாவலில் இவ்வளவு தூரம் போன தர்க்கம் அபூர்வம். ஆனால் அதன் பின் கல்யாணியின் கால்கள் செயலிழந்துவிடுகின்றன. ரங்கா திரும்பி வந்து பணிவிடை செய்கிறான். சார்ந்திருக்கவில்லை என்று குறைபட்டவனுக்கு, சார்ந்திருக்க வேண்டிய மனைவியை ஆசிரியரே செய்து கொடுத்துவிட்டார். 1978இல் பீம்சிங் எடுத்த படத்திலும் லட்சுமியின் கம்பீரம் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது.

பழைய பாட்டில் பரத்தை செய்த வேலையை இங்கே நோய் செய்கிறது. மூன்றாவது ஆளாக உள்ளே வந்து, இருவரும் பேசித் தீர்க்க வேண்டியதைப் பேசாமலே தீர்த்துவைக்கிறது. 'மௌன ராக'த்தில் (1986) கணவன் தாக்கப்பட்டுப் படுத்த பிறகுதான் திவ்யாவின் மனம் இளகத் தொடங்குகிறது. 'அலைபாயுதே' (2000) துணிந்து மணத்துக்குப் பிந்திய சண்டையைக் காட்டிவிட்டு, விபத்தைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய் முடிந்துகொள்கிறது. ஆரோக்கியமாக இருக்கும் இருவர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசிக்கொள்வதை நம்மால் எழுத முடியவில்லை.

என் பிழைப்பு நடக்கும் வங்கியிலும் இதே இரண்டு தேதிகள்தான். புதுத் தம்பதிகள் கூட்டுக் கணக்குத் தொடங்க வந்தால் 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற கட்டத்தில் குறி போடச் சொல்கிறோம். முதல் நாளே படிவத்தில் சாவு வந்துவிடுகிறது. நடுவில் யார் யாரைக் கேட்டுப் பணம் எடுப்பார்கள் என்று படிவம் விசாரிப்பதில்லை, அதற்கு அது தேவையுமில்லை. நகைக் கடனுக்கு வருகிறவரிடம் மட்டும் நகை யாருடையது என்று கேட்க வேண்டும். பதில் சொல்பவர் புருஷன். வெறுங்கழுத்தோடு பக்கத்தில் நிற்கிற அம்மா தலையை அசைப்பார். அந்த அசைப்பு எந்த ஆண்டு கொடுத்த சம்மதத்தின் எதிரொலி, அல்லது அன்று காலைதான் கேட்டு வாங்கியதா என்பது கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் இலக்கியம் தேவைப்படுகிறது. இலக்கியமும் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் வேறொரு உபாயம் செய்திருக்கிறார். காதலர்கள் வாயையே திறக்கவில்லை. மணமான பெண்ணின் வீட்டுக்குப் போய்வந்த செவிலி, பெற்றவளிடம் சொல்கிறாள். கட்டித் தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியில் துடைத்து, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, அவள் தானே துழாவி ஒரு புளிக்குழம்பு வைத்தாள். அவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டான். அவள் முகம் லேசாக மலர்ந்தது. அவ்வளவுதான். தன் காதலைத் தானே சொல்லும் சொல்தான் சந்தேகத்துக்குரியது என்றால், சொல்கிற வேலையை அடுப்படி வாசலில் நின்று பார்க்கும் மூன்றாமவளிடம் கொடுத்துவிடலாம். நம் நாவலில் அந்தச் செவிலி இல்லை; அவரவர் காதலை அவரவரே பக்கம் பக்கமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். செவிலி பார்த்தது முகத்தை. குழம்பு உண்மையில் நன்றாயிருந்ததா, அவன் சொன்னானா என்பது வேறு. அவள் தொட்டு ருசித்ததாகப் பாட்டில் இல்லை.