பெயரில்லாத கல்லறைக்கு நாம் கடன்பட்டவர்களா?



நவம்பர் மாதம் பிறந்ததும் நாம் சேமக்காலைக்குப் போகிறோம். புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரி ஏற்றி, நம் தாய் தந்தையரின் ஆத்தும இளைப்பாற்றிக்காகச் செபிக்கிறோம். பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் செய்யும் கடன் இது. இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பெயரும் தெரியாத, உறவும் தெரியாத, என்றோ மாண்டுபோன ஒருவருடைய கல்லறைக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? "இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்லுமுன் சற்று நின்று யோசிப்போம்.

ஆவணித் திருநாளுக்கு மடு மாதாவைத் தரிசிக்க, ஹற்றனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் நம் குடும்பங்கள் பஸ் பிடித்துப் போவது வழக்கம். கண்டி, மாத்தளை, நாலந்தை கடந்து தம்புள்ளைக்கு வந்ததும் தேநீருக்காக இறங்குகிறோம். அங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், குருநாகல் வீதியை அண்டி, இப்பன்கட்டுவ என்னும் குளத்தின் அருகே ஒரு பழைய சேமக்காலை இருக்கிறது. அது நம் மத்திய மாகாணத்திலேயே, மாத்தளை மாவட்டத்தில் உள்ள இடம். ஆயினும் அதைப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

1970இல் தொல்பொருளியலார் இவ்விடத்தை அடையாளங் கண்டார்கள். 1983இல் அகழ்வு தொடங்கியது. 42 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் பத்துக் கல்லறைகள். நான்கு பக்கமும் கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லால் மூடியிருக்கிறார்கள். உள்ளே எரித்த எலும்பும் சாம்பலும் கொண்ட தாழிகள், மட்பாண்டங்கள், இரும்பு, செம்புப் பொருட்கள், சிறிது பொன், மணிகள் கோத்த மாலைகள். அம்மணிகளிற் சில சூதுபவளம் முதலான கற்களால் ஆனவை. அவை இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். காலம், கிறிஸ்துவுக்கு முன் 700 முதல் 450 வரை. புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பிலும், தமிழ்நாட்டில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலும், மரித்தோரைத் தாழியில் வைத்த பழைய சேமக்காலைகள் உண்டு.

இவ்விடத்தைப் பார்க்கும் எவரும் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இவர்கள் தமிழரா, சிங்களவரா?" கல்லறை அதற்குப் பதில் சொல்வதில்லை. பதில் சொல்ல அங்கே கல்வெட்டு எதுவும் இல்லை. மரித்தவரைச் சாட்சிக்கு இழுத்து, "இந்த மண் எங்களுடையது" என்று வழக்காடுவதற்காகக் கல்லறைக்குப் போகிறவன், அங்கே கிடக்கும் மனிதனைக் காண்பதே இல்லை. அக்கற்கள் சொல்வது வேறொன்று.

அதைக் கேளுங்கள். இறந்தவனால் உழைக்க முடியாது. வாங்கியதைத் திருப்பித் தர முடியாது. நன்றி சொல்லவும் முடியாது. அப்படிப்பட்டவனுக்காக, கனத்த பலகைக் கற்களைப் பெயர்த்து இழுத்து வர ஊரார் பலர் தோள் கொடுத்திருக்க வேண்டும். கடல் கடந்து வந்த அருமையான மணியை, வீட்டிலிருக்கும் மகளின் கழுத்திற் போடாமல், மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். இலாபக் கணக்குப் பார்ப்பவனுக்கு இது வீண் செலவு. ஆனால், "இவன் எங்களுக்குப் பயன்பட்டதால் மட்டும் எங்களவன் அல்லன்" என்று ஒரு சமூகம் வாய் திறந்து சொல்வதற்கு இதைவிடத் தெளிவான வழி ஏது?

இப்பொழுது அதே தம்புள்ளை வழியே நடந்த வேறொரு கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து, மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பசியும் வழியெங்கும் காத்திருந்தன. ஆயிரக்கணக்கானோர் அப்பாதையிலேயே விழுந்தார்கள். கூட நடந்தவர்களைக் குறை சொல்ல வேண்டாம். நின்றால் தாங்களும் விழுவார்கள் என்ற நிலை அவர்களுக்கு. ஆனால் அவர்களை அழைப்பித்தவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் என்ன? "கூலி". மனிதனை அவன் வாங்கும் சம்பளத்தால் அழைத்தார்கள். வேலை செய்யுமுன்னே செத்தவன் கூலியுமல்லன். ஆகவே அவன் யாருமல்லன். இப்பன்கட்டுவவில் 2,500 ஆண்டுகளாகக் கல் நிற்கிறது. அதன் பக்கத்து வழியில், இருநூறு ஆண்டுகூட ஆகாத நம்மவர் குழிக்கு ஓர் அடையாளக் கல்லும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் 1892இல் இறந்தபோது, தொழிலாளர்கள் அவருடைய உடலை மலைப்பாதையில் தோளில் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். மஹியாவ மயானத்தில் அவருடைய கல்லறை பெயரோடும் ஆண்டோடும் இருக்கிறது. இருக்கட்டும், அது முறைதான். ஆனால் சுமந்து வந்தவர்களின் பெயரை எந்தக் கல்லிற் படிப்பது?

"ஆத்துமா ஆண்டவரிடம் போய்விட்டது, வெறும் மண்ணுக்கு எதற்கு மரியாதை? உயிரோடிருக்கிறவனுக்கே ஒழுகாத லயக் காம்பிரா இல்லை, செத்தவனுக்குக் கல்லா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மரித்தோரைக் காட்டி உயிருள்ளவரின் வயிற்றில் அடிக்கும் ஆடம்பரக் கல்லறையை எவரும் போற்ற வேண்டியதில்லை. ஆனால் இங்கே கேட்பது ஆடம்பரமன்று, நினைவு. இறந்தவனை மறப்பதற்குப் பழகிய மனம், உழைக்க மாட்டாத கிழவனையும், நோயாளியையும், பிறவாத சிசுவையும் மறப்பதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. பயன்படாதவனை மதிக்கத் தெரியாத இடத்தில், பயன்படுகிறவனும் மதிக்கப்படுவதில்லை. அவனுடைய பயன்தான் மதிக்கப்படுகிறது. அத்தகைய இடத்தில் லயத்துக் கூரை ஒழுகுவதில் வியப்பென்ன?

வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். கானான் நாட்டில் அடி மண்ணும் சொந்தமில்லாத அந்நியனாக வாழ்ந்தவர் ஆபிரகாம். சாராள் இறந்தபோது, அவளை அடக்கம் செய்ய 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, எப்ரோனிடம் மக்பேலாக் குகையை வாங்கினார். வாக்களிக்கப்பட்ட நாட்டில் அவருக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் நிலம் ஒரு கல்லறை! நாடு கடத்தப்பட்டு நினிவேயில் வாழ்ந்த தோபித்து, உறவு பாராமல் தன் சனத்தாரின் பிணங்களை எடுத்து அடக்கம் செய்தார். அதற்காகத் தன் உடைமையை இழந்தார், அயலாரின் ஏளனத்தையும் தாங்கினார். மரித்தோரை அடக்கம் செய்வதைத் திருச்சபை இரக்கச் செயல்களுள் ஒன்றாக எண்ணுகிறது. நிலமில்லாதவரின் கல்லறை எவ்வளவு பெரிது என்பதை மலையகத்தவரைவிட நன்றாக உணரக் கூடியவர் யார்?

நம் தோட்டத்து மயானங்களையும் பாருங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்று எண்ணி வைத்தது. அப்படிக் கப்பலேறிய பிள்ளைகள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெற்றவர்களின் கல்லறையைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே மானாப்புல் மூடிக் கிடக்கும் அந்த மேடுகளுக்கு இன்று உறவினர் யார்? பக்கத்தில் வாழும் நாம்தான். உறவு அற்றுப்போன இடத்தில் அயலானின் கடமை தொடங்குகிறது என்பதைத்தானே நல்ல சமாரித்தனின் உவமை நமக்குக் கற்பித்தது?

ஆகவே அடுத்த முறை மடுவுக்குப் போகும்போது, பிள்ளைகளோடு இப்பன்கட்டுவவில் இறங்குங்கள். கல்லின்மேல் ஏறிப் படம் எடுக்க விடாதீர்கள். ஓட்டுத்துண்டு ஒன்றையும் பையிற் போட விடாதீர்கள். அவர்கள் நம் வேதத்தவரல்லர் என்று தயங்கவும் வேண்டாம். படைத்தவர் அறியாத பெயர் இல்லை. ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். "இந்தக் கல் எதற்கு?" என்று பிள்ளை கேட்கட்டும். யோர்தானைக் கடந்தபின் யோசுவா பன்னிரண்டு கற்களை நிறுத்தியதும் பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

வீடு திரும்பியபின், வயதான பாட்டனிடம் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். இத்தோட்டத்து மயானத்தில் யார் யார் கிடக்கிறார்கள், எந்த மேடு யாருடையது என்று கேட்டு எழுதுங்கள். பங்குக் கோவிலின் மரணப் பதிவேட்டிலுள்ள பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இளைஞர் சங்கத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போய், நம் வேதத்தவர், பிற வேதத்தவர் என்று பாராமல் எல்லா மேடுகளையும் துப்புரவாக்கலாம். பெயர் தெரிந்த இடத்தில் பெயரையும், தெரியாத இடத்தில் ஒரு கல்லையாவது வையுங்கள்.

கல் வைக்க 2,500 ஆண்டுகளுக்கு முன்பே மனிதனுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு மட்டும் தெரியாமற் போகலாமா?