வெள்ளங்கிக்கும் விலக்கு இல்லை

காவியுடையைக் கண்டவுடன் கைகூப்பாதீர். அவர் கூறுவது அறிவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள் எனச் சீர்திருத்த இயக்கத்தார் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். அவ்வுபதேசத்தை ஏற்றுக்கொண்டோம் என்று பெருமை பேசும் நாம், வெள்ளங்கி அணிந்த விஞ்ஞானியைக் கண்டவிடத்து என்ன செய்கிறோம்? அங்கும் கேள்வி கேட்கின்றோமா, அன்றிக் கூப்பிய கையை இறக்காமல் திசையை மட்டும் மாற்றிக்கொண்டோமா? இதுவே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

திசுப் பொறியியல் என்னும் புதுத் துறையை உதாரணமாகக் கொள்வோம். பழுதுற்ற அவயவத்துக்கு ஈடாக, உயிரணுக்களைக் கொண்டே புதிய அவயவத்தை வளர்த்தெடுப்பது அதன் நோக்கம். 1993-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ராபர்ட் லாங்கர் என்னும் பொறியியலாரும், ஜோசப் வாக்கன்டி என்னும் சத்திர வைத்தியரும் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு ஒரு வழிகாட்டியாயிற்று. முறை யாதெனில், கொத்தனார் சாரம் கட்டிச் சுவர் எழுப்புவதுபோல, நுண்துளைகள் நிறைந்த சாரம் ஒன்றை அமைத்து, அதன்மேல் உயிரணுக்களை விதைக்க வேண்டும். அணுக்கள் பெருகித் திசுவாகும். சாரம் நாளடைவில் கரைந்துபோகும். தேகத்துக்குள் உயிரணுக்கள் மிக மெல்லிய இழைகளைப் பற்றிக்கொண்டே வாழ்கின்றன. அவ்விழைகளின் பருமன் நானோமீட்டரில் கணக்கிடப்படுவது. ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். சாரத்தையும் அவ்வளவு நுட்பமாக அமைக்கவே நானோ நுட்பம் துணைக்கு வந்தது.

ஆண்டவன் படைப்பில் மனிதன் கைவைக்கலாமோ என்று வைதிகர் கேட்பர். கண் மங்கினால் மூக்குக்கண்ணாடி அணிவதும், பல் விழுந்தால் பல் கட்டிக்கொள்வதும் படைப்பில் கைவைப்பதே. துன்பத்தைத் தீர்க்க வழியிருந்தும் விதியென்று கைகட்டி நிற்பதை நாம் பக்தி என்று கொள்ளோம். ஆகவே, இதைச் செய்யலாமா என்பதன்று நம் கேள்வி. எப்படிச் செய்ய வேண்டும் என்பதே.

இதற்கு இரு வழிகளைக் காண்போம். பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையில் பணிபுரிந்த அந்தோணி அட்டாலா என்பவரும் அவர்தம் கூட்டத்தாரும் சிறுநீர்ப்பையை வளர்க்க முற்பட்டனர். முதலில் நாய்களிடம் சோதித்து, 1999-இல் முடிவை வெளியிட்டனர். 7 இளம் நோயாளிகளுக்கு அதனைப் பொருத்திச் சராசரி 46 மாதங்கள் கவனித்த பிறகே, 2006-இல் உலகுக்கு அறிவித்தனர். ஆயினும் கதை அங்கே முடியவில்லை. வேறு வைத்தியர்கள் 10 குழந்தைகளிடம் இத்தகைய முறையைச் சோதித்து, எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை, தீங்குகளும் நேர்ந்தன என்று 2014-இல் எழுதினர். புகழ்பெற்ற முறை தோல்வியுற்றதென அச்சில் ஏறியது. இது முதல் வழி.

இரண்டாம் வழி ஸ்வீடன் தேசத்தது. வைத்தியத்துக்கான நோபெல் பரிசு பெறுவோரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கரோலின்ஸ்கா கலாசாலையின் பேராசிரியர்கள். அக்கலாசாலையோடு இணைந்த வைத்தியசாலையில், 2011 ஜூன் மாதம், பாவ்லோ மக்கியாரினி என்னும் இத்தாலிய சத்திர வைத்தியர், நானோ நுட்பத்தால் லண்டனில் செய்யப்பட்ட செயற்கை மூச்சுக்குழலில் நோயாளியின் உயிரணுக்களை விதைத்து, அந்நோயாளிக்கே பொருத்தினார். உலகப் பத்திரிகைகள் அதிசயம் என்று புகழ்ந்தன. 2012-க்குள் அங்கு மூவருக்கு இச்சிகிச்சை நடந்தது. ஆனால் விலங்குகளிடம் முறையாகச் சோதிக்கவில்லை; அறநெறிக் குழுவின் அனுமதியும் பெறவில்லை. இரத்த ஓட்டம் இல்லாத திசு உயிர் வாழாது என்பது இத்துறையில் பாலபாடம். அக்குழலோ இரத்தக்குழாய் அற்றது. அது உயிருள்ள உறுப்பாக மாறவே இல்லை. 2017-க்குள் மூவரும் மாண்டனர்.

அவ்வைத்தியசாலையிலேயே பணிபுரிந்த 4 வைத்தியர்கள் 2014-இல் முறையிட்டனர். அவர்களுள் சிலர் அவருடைய கட்டுரைகளுக்குத் தம் பெயரையும் தந்திருந்தவர்கள். தாமதமாகக் கேட்டனர், ஆயினும் கேட்டனர். வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட விசாரணையாளர் 2015 மே மாதத்தில் முறைகேடு உண்டென்றார். கலாசாலைத் தலைவரோ ஆகஸ்டில் குற்றமில்லை என்று தீர்த்துவிட்டார். 2016-இல் ஸ்வீடன் தொலைக்காட்சி உண்மையை ஊரறியச் செய்த பின்னரே தலைவர் பதவி துறந்தார். சத்திர வைத்தியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2018-இல் கலாசாலையே முறைகேட்டை ஒப்புக்கொண்டது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

நோயாளிகள் சம்மதித்துத்தானே படுத்தனர் என்று சிலர் வாதிக்கக்கூடும். வெள்ளத்தில் அமிழ்கிறவன் துரும்பையும் பற்றுவான். அவன் பற்றினான் என்பதனால் துரும்பு தெப்பமாகிவிடுமா? உயிருக்கு அஞ்சியவனுடைய சம்மதம் வைத்தியரின் பொறுப்பைக் குறைப்பதில்லை, மேலும் பெருக்குகிறது. நம்பிக்கையை நீட்டுகிறவர், அது சோதிக்கப்பட்டதா என்பதையும் சேர்த்து உரைக்கக் கடமைப்பட்டவர்.

இதனைக் கேட்டவுடன், விஞ்ஞானமும் பொய்தானே, மந்திரித்த தாயத்தே போதும் என்று மகிழ்வோரும் உளர். அவர்களை நாம் கேட்பது இதுதான்: இப்பிழையைக் கண்டுபிடித்தவர் யார்? பூசாரியா, சோதிடரா? உடன் பணிபுரிந்த வைத்தியர்களும், ஏடுகளைப் புரட்டிய விசாரணையாளரும் அன்றோ! தாயத்துக் கட்டியும் பிள்ளை இறந்துபோனால், தாயத்துத் தோற்றது என்று எழுதிவைத்த மந்திரவாதி எவரேனும் உண்டா? கணக்கு எழுதியவனே தணிக்கையும் செய்தால் பேரேட்டில் என்றும் குறை இராது, கல்லாவில்தான் குறையும். விஞ்ஞானத்துக்கும் மூடநம்பிக்கைக்கும் உள்ள பேதம் இத்தணிக்கையே. அது நின்றுபோன இடத்தில் வெள்ளங்கியும் காவியும் ஒன்றே.

நம் சமூகம் துரைக்கும் டிரெசருக்கும் முன் கைகட்டி நின்று பழகிய சமூகம். பெரிய வைத்தியசாலையில் புதிய சிகிச்சை என்று ஒருவர் சொன்னால், “ஐயா சொன்னால் சரி” என்று கைந்நாட்டு வைப்பது நமக்கு மரியாதையாகத் தோன்றுகிறது. இனி நாம் கேட்கப் பழகுவோம்: இது முன்பு எவரிடம் சோதிக்கப்பட்டது? எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் மாண்டனர்? உம்மையன்றி வேறு யார் இதனைச் சரிபார்த்தனர்? நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்கு முகஞ்சுளிக்க மாட்டார். முகஞ்சுளிப்பவர் எவராயினும், அவர் முன் நம் கையொப்பம் சற்றுக் காத்திருக்கட்டும்.