ஒட்டும் ஒழுக்கமும்

மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பலைக் காணச் செல்லும் சுழியோடியின் இறப்பர் உடையைத் துருவேறிய இரும்பு கிழித்துவிடலாம். உடைக்கும் உடலுக்கும் இடையே தங்கி வெதும்பிய மென்னீர்ப் படலம் கிழிசல்வழி வெளியேற, குளிர்நீர் புகும். வீட்டிலேயே செப்பனிடுவோர் கிழிசலைக் கழுவி உலர்த்தி, இரு விளிம்பிலும் பசை பூசி, ஈரம் வற்றும்வரை பொறுத்துப் பின்னரே பொருத்துவர். அவசரத்தில் ஒட்டியது கரையில் உறுதியாய்த் தோன்றும், நீரில் பிரியும்.

தன் உடையைத் தானே ஒட்டி அணிபவன் பிழையின் பயனையும் தானே நுகர்கின்றான். அதனைப் பிறனுக்கு இரவல் கொடுக்கும்போதே அறவினா எழுகின்றது. ஒட்டு உறுதியானது எனினும் அதனைச் சொல்லவேண்டுமா? சொல்லவேண்டும். ஏனெனில், அவ்வுறுதியை நம்புவதா என முடிவுசெய்யும் உரிமை, குளிரைத் தாங்கப்போகும் உடலுக்கே உரியது. ஒட்டுதல் கைத்திறன், ஒட்டை மறையாமை ஒழுக்கம்.