காற்றும் கடமையும்: பாய்மரப் படகோட்டம் எழுப்பும் ஓர் அறவினா

மனிதன் அடையும் பயனில் ஊழின் பங்கு எவ்வளவு, முயற்சியின் பங்கு எவ்வளவு என்பது சமய மரபுகளும் மெய்யியல் மரபுகளும் தத்தம் வழியில் எதிர்கொண்ட பழைய வினாவாகும். திருக்குறள் 'ஊழ்' என்னும் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் மேலாண்மையை நிறுவுகிறது. 'ஆள்வினை உடைமை' என்னும் 62ஆம் அதிகாரத்திலோ அந்த ஊழையும் பின்னடையச் செய்யும் முயற்சியைப் போற்றுகிறது. இவ்விரண்டும் முரண்படுகின்றனவா, ஒன்றையொன்று நிறைவு செய்கின்றனவா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. விளையாட்டு அரங்குகள் பெரும்பாலும் இந்த வினாவை வாசலிலேயே நிறுத்திவிட முயல்கின்றன. குறுந்தூர ஓட்டத்தில் பின்னிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் அந்த ஓட்டம் சாதனையாகப் பதிவு செய்யப்படுவதில்லை. அங்கே காற்று என்பது கணக்கிலிருந்து கழிக்கப்பட வேண்டிய அயல்பொருள். ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறும் பாய்மரப் படகோட்டத்தில் அப்படிக் கழிக்க வழியில்லை, ஏனெனில் அங்கே காற்றே போட்டியின் மூலப்பொருள். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கின் நிரலில் இடம்பெற்றிருந்த படகுப் பந்தயங்கள் மோசமான வானிலையால் கைவிடப்பட்டன. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் படகோட்டம் நடந்த மார்செய் துறைமுகத்திலோ காற்று போதாமல் பந்தயங்கள் மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டன.

பாய்மரப் படகு செல்லும் முறையே ஊழுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவை ஓரளவு விளக்கிக் காட்டுகிறது. காற்று வரும் திசையை நோக்கி எந்தப் பாய்மரப் படகும் நேராகச் செல்ல இயலாது. ஏறத்தாழ 45 பாகை விலகினால்தான் பாய் காற்றைப் பிடிக்கும். ஆகவே காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டிய படகு முதலில் ஒரு பக்கமாகச் சாய்வாக ஓடி, பின் திரும்பி மறுபக்கமாக ஓடி, இவ்வாறு கோணல்மாணலாக வழிபோட்டு இலக்கை அடைகிறது. பாய் வாங்கும் விசை படகைப் பக்கவாட்டில் தள்ள முயலும்போது, படகின் அடியில் நீருக்குள் இறக்கப்பட்ட பலகை அந்தத் தள்ளலைத் தடுத்து விசையை முன்னோக்கித் திருப்பிவிடுகிறது. பாயின் இரு புறமும் ஒட்டப்பட்டிருக்கும் விரலளவு நூலிழைகள் நேராகப் பின்னோக்கிப் பறக்கின்றனவா, துவண்டு நடுங்குகின்றனவா என்பதில் கண்ணை வைத்தபடி, ஒரு கையில் சுக்கான் கோலையும் மறு கையில் பாய்க் கயிற்றையும் பிடித்து, உடலைப் படகுக்கு வெளியே சாய்த்துக் கிடப்பவரே படகோட்டி. அவர் காற்றை உண்டாக்குவதுமில்லை, அதற்கு வெறுமனே இணங்கிப்போவதுமில்லை. தமக்கு எதிராக வீசும் அதே காற்றிலிருந்து தாம் போகவேண்டிய திசைக்கான விசையைப் பெறுகிறார்.

ஆனால் அனைவருக்கும் ஒரே காற்று கிடைப்பதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. படகுகளைப் பொறுத்தவரை சமத்துவம் பெருமளவு உறுதி செய்யப்படுகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் படகோட்டம் 2021இல் எனோஷிமா கடலில் நடந்தபோது, ஒலிம்பிக் படகோட்டத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஏறிய 'லேசர் ரேடியல்' படகும், அவருடன் போட்டியிட்டவர்களின் படகுகளும் ஒரே வடிவமைப்பில் செய்யப்பட்டு அமைப்பாளர்களால் வழங்கப்பட்டவை. படகைச் சமமாக்கலாம், பந்தயப் பரப்பின் இடப்பக்கம் வீசும் காற்றையும் வலப்பக்கம் வீசும் காற்றையும் சமமாக்க எவராலும் ஆகாது. திடீரெனக் காற்று பத்துப் பாகை திரும்பினால், ஒரு பக்கம் சென்றவர்கள் முயற்சியின்றியே முன்னேறுவர். மறுபக்கம் சென்றவர்கள் பிழையின்றியே பின்தங்குவர். மேகத்தையும் நீர்ப்பரப்பின் கருமையையும் பார்த்து அந்தத் திருப்பத்தை முன்னுணர்வது திறமைதான் எனினும், எவ்வளவு தேர்ந்தவரும் எல்லாத் திருப்பங்களையும் முன்னுணர்ந்துவிட முடியாது.

இந்நிலையில் விளையாட்டின் விதிகள் நற்பேற்றை ஒழிக்க முயலவில்லை, அதைப் பலமுறை நிகழவிட்டுத் தேய்க்க முயல்கின்றன. ஒரே பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிக்காமல் பல பந்தயங்களின் புள்ளிகள் கூட்டப்படுகின்றன. ஒவ்வொருவருடைய மிக மோசமான முடிவும் கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் நடைமுறையில் இருந்த முறைப்படி முதலிடத்துக்கு 0, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 5.7 என்று புள்ளிகள் வழங்கப்பட்டு, 7 பந்தயங்களில் சிறந்த 6 மட்டுமே எண்ணப்பட்டன. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். எவருக்கும் ஒருநாள் காற்று துரோகம் செய்யக்கூடும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த ஒருநாளை மன்னித்துவிடும் ஏற்பாடு இது. ஊழை மறுக்காமல், அதன் ஒற்றை அடியில் ஒரு வாழ்வு முடிந்துவிடாதபடி நிறுவனங்களை அமைப்பதே நீதி என்னும் கருத்து இந்தக் கணக்கிற்குள் அடங்கியிருக்கிறது.

அந்த சியோல் ஒலிம்பிக்கில்தான் இவ்வினா புள்ளிக் கணக்கின் எல்லையைத் தாண்டி அறத்தின் எல்லைக்குள் நுழைந்தது. படகோட்டப் போட்டிகள் பூசான் துறைமுகத்தை ஒட்டிய கடலில் நடந்தன. செப்டம்பர் 24 அன்று, 'ஃபின்' எனப்படும் நாலரை மீட்டர் நீளத் தனியாள் படகுகளுக்கான பந்தயத்தில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாமிடத்தில் சென்றுகொண்டிருந்தார். காற்றின் வேகம் 15 நாட்டிலிருந்து 35 நாட்டை எட்டியது; ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர் ஆகும். அருகில் நடந்த '470' வகை இருவர் படகுப் பந்தயத்தில் சிங்கப்பூர் வீரர்களின் படகு கவிழ்ந்தது. ஒருவர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருக்க, மற்றவர் படகிலிருந்து விலகி அலைகளுக்கிடையே அடித்துச் செல்லப்பட்டார். லெமியூ தம் பாதையை விட்டுத் திரும்பி, இருவரையும் மீட்டு, கொரியக் கடற்படைப் படகு வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும்வரை காத்திருந்து, அதன் பின்னரே பந்தயத்தைத் தொடர்ந்தார். முன்னேறிச் செல்வதற்கென்றே செய்யப்பட்ட அத்தகைய சிறு படகை அவ்வளவு காற்றில் தனியொருவர் நிறுத்தி வைப்பது, அதை ஓட்டிச் செல்வதைவிடக் கடினமானது. அவர் பந்தயத்தை முடித்தபோது பின்வரிசைக்குத் தள்ளப்பட்டிருந்தார்.

இச்செயலை ஆராய அரிஸ்டாட்டில் தரும் ஓர் எடுத்துக்காட்டு பொருத்தமானது. 'நிக்கோமாக்கிய அறவியல்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில், புயலில் சிக்கிய கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறிபவரின் செயல் விரும்பிச் செய்ததா, விரும்பாமல் செய்ததா என்று அவர் வினவுகிறார். சரக்கை இழக்க எவரும் இயல்பாக விரும்புவதில்லை. ஆயினும் அந்தச் சூழலில் அறிவுள்ளவர் அதையே தேர்ந்தெடுப்பர். எனவே அது கலப்புச் செயல் என்றும், தேர்வு செய்தவருடையது என்பதால் விரும்பிச் செய்ததன் பக்கமே நிற்பது என்றும் அவர் கொள்கிறார். லெமியூவின் செயல் இவ்வெடுத்துக்காட்டுடன் ஒத்தும் வேறுபட்டும் நிற்கிறது. சரக்கை எறிபவர் தம்மையும் தம்மவரையும் காக்க எறிகிறார். லெமியூவோ தம்மைக் காத்துக்கொள்வதற்காக அன்றி, தம் நாட்டவரோ தம் பந்தயத்தில் போட்டியிடுபவரோ அல்லாத இருவருக்காகத் தம் இடத்தை எறிந்தார்.

எனினும் ஒரு கூரிய மறுப்பு இங்கே எழுகிறது. 1976இல் மெய்யியலாளர்களான பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இருவரும் முன்வைத்த 'அறவியல் நற்பேறு' என்னும் கருத்தாக்கம், ஒருவர் பெறும் பாராட்டும் பழியும் அவர் கட்டுப்பாட்டில் இல்லாத சூழலைச் சார்ந்திருப்பதைச் சுட்டுகிறது. அந்நாளில் வேறொரு பக்கமாகச் சென்ற படகோட்டி, அதே சூழலில் அதையே செய்யக்கூடியவராக இருந்திருக்கலாம். கவிழ்ந்த படகு அவர் கண்ணில் படவில்லை என்பதால் அவருக்கு அந்தப் பெருமை வாய்க்கவில்லை. அப்படியானால் பந்தயத்தில் இடத்தைப் பறித்த காற்றேதான் அறத்தையும் வழங்கியது என்றும், ஊழ் பந்தயத்தை மட்டுமன்றி நற்செயலையும் ஆள்கிறது என்றும் சொல்லவேண்டி வராதா? மறுப்பின் ஒரு பாதி உண்மை: வாய்ப்பைக் காற்றுதான் கொண்டுவந்தது. ஆனால் வாய்ப்பு வந்த கணத்தில் சுக்கான் கோல் எப்பக்கம் திரும்பியது என்பது காற்றின் செயலன்று. பல ஆண்டுப் பழக்கத்தால் அமைந்த ஒரு மனத்தின் செயல். பயனைக் கணக்கிடாமல் செய்யப்படும் வினையைக் கீதை உயர்த்திப் பேசுவதும் இந்த இடத்தைக் குறித்துத்தான்: பயன் வினையாளன் கையில் இல்லை, வினை இருக்கிறது.

நடுவர் குழு அதன்பின் செய்தது இந்தப் பாகுபாட்டிற்குச் சட்ட வடிவம் தந்தது. ஆபத்தில் இருந்தவர்களுக்கு உதவியதால் ஒருவர் இடம் இழந்தால் அதற்கு நிவாரணம் வழங்கப் படகோட்ட விதிகளில் இடமுண்டு. அதன்படி உதவச் சென்றபோது லெமியூ இருந்த இரண்டாமிடமே அப்பந்தயத்தில் அவருக்கு வழங்கப்பட்டது. நடக்காத ஒரு பந்தயத்தின் முடிவை நடந்ததாகக் கொள்ளும் இத்தீர்ப்பு துல்லியமானது அன்று, ஏனெனில் அவர் முதலிடம் பெற்றிருக்கவும் கூடும், கவிழ்ந்திருக்கவும் கூடும். துல்லியமாக இருப்பது அதன் நோக்கமுமன்று. அறம் செய்தவர் அதற்குத் தண்டம் கட்டக்கூடாது என்பதே நோக்கம். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் சமராஞ்ச் அவருக்குப் பியர் தெ கூபர்த்தான் பதக்கத்தை வழங்கிச் சிறப்பித்தார். ஒட்டுமொத்தத் தரவரிசையில் லெமியூ பெற்றது 11ஆம் இடம். அப்பிரிவின் தங்கம் ஸ்பெயினின் ஹோசே லூயிஸ் தொரெஸ்தேவுக்குச் சென்றது.

புறநானூற்றின் இரு பாடல்களை அருகருகே வைத்தால் இவ்விவாதத்தின் இரு முனைகளும் தெரிகின்றன. 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் உயிர் வாழ்க்கையை ஆற்று வெள்ளத்தில் மிதந்து செல்லும் தெப்பமாகக் காண்கிறார். அக்காட்சியிலிருந்து அவர் வந்தடைவது சோம்பலை அன்று, பெரியோரைக் கண்டு வியக்காமலும் சிறியோரை இகழாமலும் இருக்கும் நடுநிலையை. 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், காற்றைத் தம் ஏவலுக்கு உட்படுத்திக் கடலில் நாவாய் செலுத்தியவரின் வழித்தோன்றலாகக் கரிகாலனை விளிக்கிறார். ஆனால் அந்தப் பாடலே, வெண்ணிப் போரில் வென்ற அவனைவிட, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த தோற்ற மன்னன் நல்லவன் அல்லனோ என்ற கேள்வியை வென்றவன் முகத்துக்கு நேரே வைத்து முடிகிறது. தெப்பம் ஊழின் உருவம். நாவாய் முயற்சியின் உருவம். இவ்விரண்டில் எதைக் கொண்டு அளந்தாலும் வெற்றி என்பது நன்மையின் அளவாக ஆவதில்லை என்பதில் இரு புலவர்களும் ஒன்றுபடுகின்றனர்.

எனவே ஊழா முயற்சியா என்னும் வினாவுக்குப் பாய்மரப் படகோட்டம் தரும் விடை, அவ்விரண்டையும் எடைபோட்டு ஒன்றை வெல்லவைப்பதாக இல்லை. பயனில் ஊழுக்கும் பங்குண்டு என்பதால் வென்றவர் செருக்கவும் தோற்றவர் நாணவும் காரணம் குறைகிறது. முயற்சிக்கும் பங்குண்டு என்பதால் கயிற்றைக் கைவிடுவதற்கும் நியாயம் இல்லை. கடமையோ இக்கணக்கிற்கு வெளியே, அதற்கு முன்னால் நிற்கிறது. படகோட்டப் பந்தய விதிநூலின் அடிப்படை விதிகளில் முதலாவது, ஆபத்தில் இருக்கும் எவருக்கும் இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும் என்பதே. புள்ளிகளை எவ்வாறு கணக்கிடுவது என்பது அந்நூலின் பின்னிணைப்பில் இருக்கிறது.