அறிந்தவரும் அறியாதவரும்

பெரியதொரு நிறுவனத்தில் கீழுள்ளவர் அறிந்த உண்மை, முடிவெடுக்கும் மேலவரைச் சென்று சேராமற்போனால், அதனால் விளையும் தீங்குக்கு யார் பொறுப்பு? இதனை நிர்வாகச் சிக்கல் என்று ஒதுக்கிவிடுவோர் உளர். நாம் இதை அறவினாவாகவே கருதுகிறோம்.

1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை. விண்ணிலிருந்து மாணவர்க்குப் பாடம் நடத்தச் சென்றவர். ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த எமக்கு அப்பெயர் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

பூஸ்டர் ராக்கெட்டின் பகுதிகள் இணையுமிடத்தில் வாயு கசியாதிருக்க வைத்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போயிற்று. இக்குறை முன்பே தெரிந்ததுதான். ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி, உயிர்ச்சேதம் நேரலாமென 1985 ஜூலையிலேயே தம் மேலாளர்க்கு எழுதியிருந்தார். ஏவுதலுக்கு முந்தைய இரவு தொலைபேசிவழி நடந்த கூட்டத்தில், வெப்பம் 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறைந்தால் ஏவ வேண்டா என்று பொறியாளர்கள் வற்புறுத்தினர். நாசா அதிகாரிகள் அதனை விரும்பவில்லை. நிறுவன மேலாளர்கள் தனியே கலந்து பேசிப் பரிந்துரையை மாற்றிவிட்டனர். மறுநாள் ஏவும் வேளையில் வெப்பம் 36 டிகிரி. அந்த முதற்பரிந்துரை, ஏவ ஆணையிட்ட உயர் அலுவலர்க்குத் தெரியவே தெரியாதென்று ரோஜர்ஸ் ஆணையம் பின்னர்க் கண்டது.

இங்கே அப்பட்டமான பொய் உரைத்தவர் எவரெனச் சுட்டுதல் அரிது. கேட்டதில் ஒரு பகுதியை நிறுத்திக்கொண்டு மிச்சத்தை மேலே அனுப்பினர், அவ்வளவே. பள்ளி ஆய்வுப் படிவங்களில் ‘குறைகள்: இல்லை’ என்று எழுதியனுப்பும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

எல்லாவற்றையும் மேலே சொல்ல இயலுமா எனலாம். இயலாதுதான். ஆயிரம் தாள்களை மேசைமேல் குவிப்பதும் மறைத்தலின் ஒரு வகையே. சுருக்கும் உரிமை இடைநிற்பவர்க்கு உண்டு. ஆனால் பிறர் உயிரைத் தொடும் ஐயத்தை நீக்கும் உரிமை அவர்க்கில்லை. அன்றிரவு நிகழ்ந்த இன்னொரு பிழையும் எண்ணத்தக்கது. ஓடம் பாதுகாப்பானது என்பதை மெய்ப்பிக்கச் சொல்லாமல், பாதுகாப்பற்றது என்பதை மெய்ப்பிக்குமாறு பொறியாளரைக் கேட்டனர். ஐயப்பட்டவன்மேலேயே சுமையை ஏற்றினால் அடுத்தமுறை அவன் வாய் திறப்பானா?

இத்தனைக்குப் பின்னும் 2003இல் கொலம்பியா ஓடம் அழிந்தது. கிளம்பும்போது நுரைத்துண்டொன்று இடச்சிறகில் மோதிற்று. சிறகைப் படமெடுத்துப் பார்க்கப் பொறியாளர்கள் வேண்டினர். அவ்வேண்டுகோளை நடுவிலேயே நிறுத்திவிட்டனர். ஆய்வுரையின் முக்கியமான எச்சரிக்கை, விளக்கப்படத்தின் அடிவரிகளில் சிற்றெழுத்தில் கிடந்ததை விசாரணைக் குழு எடுத்துக்காட்டியது. மீண்டும் எழுவர் மாண்டனர்.

“எனக்கு எவரும் சொல்லவில்லை” என்னும் தலைவரை நாம் முற்றும் விடுவிக்க ஒப்போம். சொல்லுவோர் முகம் சுளிக்கக் கண்டு அடங்கிய இடத்தில், அவ்வடக்கத்தை வளர்த்தவரும் அவரே. வியப்பென்னவெனில், விமானிகளும் பிறரும் தாம் கண்ட குறைகளைத் தம் பெயர் வெளிப்படாமல் தெரிவிக்கும் ஏற்பாடொன்றை 1976 முதல் அமெரிக்காவில் நடத்திவருவதும் அதே நாசாதான். பிறர்க்குத் திறந்துவைத்த அவ்வாயிலைத் தம் வீட்டில் அடைத்து வைத்திருந்தனர்.