ஓதலும் உணர்தலும்



எழுத்தைக் கூட்டி உச்சரித்துவிட்டால் அது வாசிப்பாகிவிடுமா? 1986ல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு எளிய கணக்கொன்றைக் கூறினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. அம்மொழியைக் கேட்டு விளங்கும் திறன் மற்றொன்று. இவ்விரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்றார்கள். ஒன்று பூஜ்யமானால் விளங்கி வாசித்தலும் பூஜ்யம்தான்!

இதன் உண்மையை நம் சமுதாயத்திலேயே காணலாம். அந்நாளைய நம் பெண்மணிகள் அரபுத் தமிழ்க் கிதாபுகளை வாசித்தார்கள். எழுத்தோ அரபு, மொழியோ தாய்மொழி. எழுத்தை ஓதும் பள்ளி தந்தது; பொருளை வீட்டுப் பேச்சு தந்தது. ஆகவே மார்க்கச் சட்டங்கள் உள்ளத்தில் பதிந்தன. அவர்களே திருக்குர்ஆனை ஓதியபோது எழுத்து தெரிந்தது, மொழி தெரியவில்லை.

பொருளறியாமல் ஓதினாலும் எழுத்துக்கு எழுத்து நன்மை உண்டு. அல்லாஹ்வின் கருணை நம் கணக்குகளுக்கு அடங்காதது. ஆனால், சிந்திப்பதற்காக அருளப்பட்ட வேதத்தை ஒலியோடு நிறுத்திவிடலாமா? ஐவேளை பர்ளான தொழுகையின் 17 ரக்அத்திலும் சூரத்துல் பாத்திஹா ஓதப்படுகிறது. நம் ரப்பிடம் என்ன கேட்கிறோம் என்று அறியாமலே கேட்பதா?

அதில் ஆயத்துகள் 7 மட்டுமே. நாளுக்கு ஓர் ஆயத்தாக ஆலிம்களிடம் பொருள் கேட்டறிந்தால் ஒரே வாரம் போதும். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.