பேசச் சொல்வதும் பேசவிடுவதும்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிச் சென்ற சமாரியரைப் பற்றி மறையுரைகளில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். தம் விலங்கின்மேல் ஏற்றினார். சாவடியில் சேர்த்து உடனிருந்து கவனித்தார். ஆனால் அவருக்கு அந்த இரவு எப்படிக் கழிந்தது என்று நாம் கேட்பதில்லை. இரத்த வாடை அவரை விட்டு நீங்கிற்றா? மறுமுறை அதே வளைவைக் கடக்கையில் நெஞ்சு படபடத்ததா? உவமையில் இதற்கு இடமில்லை, இருக்க வேண்டியதுமில்லை. ஆயினும் அந்தச் சமாரியருக்கு அது ஒருநாள் நேர்ந்த நிகழ்ச்சி. தீயணைப்பு வீரருக்கும், ஆம்புலன்ஸ் பணியாளருக்கும், காவலருக்கும் அதுவே தொழில். எரிந்த வீட்டிலிருந்து குழந்தையின் உடலைத் தூக்கி வந்தவர் மறுநாள் காலை மீண்டும் பணிக்குச் செல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் அப்படிச் சென்றுகொண்டே இருக்க வேண்டும்.

உதவுவோருக்கும் உதவி வேண்டும் என்பது இன்று எல்லாரும் எளிதில் ஒப்புக்கொள்ளும் கருத்து. அரை நூற்றாண்டுக்கு முன்னர் நிலைமை அவ்வாறில்லை. 1977 சனவரி 18 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடுத்த கிரான்வில்லில் இரயில் தடம்புரண்டு பாலமொன்றில் மோத, அப்பாலம் பெட்டிகளின்மேல் சரிந்து 83 பேர் இறந்தனர். அதன் பின் துயருற்ற குடும்பங்களோடு மீட்புப் பணியாளரின் மனநிலையையும் கருத்தில் கொண்ட அறிஞருள் ஒருவர் உளநல மருத்துவரான பெவர்லி ராபேல் அம்மையார். 1983 பிப்ரவரி 16, திருநீற்றுப் புதன்கிழமை. அன்று அதே நாட்டின் தெற்கே மூண்ட காட்டுத்தீயில் 75 பேர் மாண்டனர். அத்தீயோடு போராடிய தன்னார்வத் தீயணைப்போர் 469 பேரை அலெக்சாண்டர் மக்ஃபார்லேன் என்ற மருத்துவர் இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து ஆராய்ந்தார். சிலருக்குத் துன்பம் உடனே தோன்றியது. வேறு சிலருக்கோ மாதங்கள் கடந்த பின்னரே தலைகாட்டியது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் உதவும்.

அதே 1983-இல், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் தீயணைப்பிலும் அவசர மருத்துவப் பணியிலும் உழைத்துப் பின் உளவியல் அறிஞரான ஜெஃப்ரி மிட்செல், மீட்புப் பணியாளருக்கென ஒரு வழிமுறையை எழுதி வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'டீபிரீஃபிங்' என்று வழங்கும் அதனை அனுபவப் பகிர்வு அமர்வு என்று நாம் சொல்லலாம். கொடிய நிகழ்ச்சி ஒன்று நடந்த ஓரிரு நாள்களுக்குள், பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள், அதில் பணியாற்றியவர்கள் வட்டமாக அமர்வார்கள். உளநலப் பணியாளர் ஒருவரும் அதே தொழிலைச் சேர்ந்த துணைவர்களும் நடத்துவார்கள். அறிமுகம், நடந்தது என்ன, மனத்தில் ஓடியது என்ன, எது மிகக் கொடுமையாக இருந்தது, உடலிலும் உள்ளத்திலும் தோன்றிய அறிகுறிகள் என்ன, அவற்றை எதிர்கொள்வது எவ்வாறு, மீண்டும் பணிக்குத் திரும்புதல் என ஏழு படிகள் அதில் உண்டு. இரண்டு மூன்று மணி நேரத்தில் அமர்வு முடிந்துவிடும்.

இவ்வழிமுறை காட்டுத்தீயைப்போலவே பரவியது. அதில் வியப்பில்லை. ஆண்மகன் அழக்கூடாது, சீருடை அணிந்தவன் தளரக்கூடாது என்று வாயை அடைத்து வைத்திருந்த ஒரு தொழிலில், 'நீயும் மனிதன்தான், சொல்' என்று ஒருவர் வந்து அமர்ந்தது பெரும் விடுதலை. மிட்செலும் அவருடைய தோழர் ஜார்ஜ் எவர்லியும் நிறுவிய அமைப்பின் வழியாகப் பல நாடுகளில் பயிற்றுநர்கள் உருவாயினர். பின்னர் ஒரு மாற்றம் நேர்ந்தது. விடுதலையாகத் தொடங்கியது, பல இடங்களில் விதியாகிவிட்டது. பெரும் விபத்து நடந்தால் அமர்வுக்கு வந்தே ஆகவேண்டும் என்று மேலதிகாரிகள் ஆணையிட்டனர். நல்லெண்ணத்தால்தான். சில வேளைகளில், 'நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் வசதிக்காகவும் இருக்கலாம்.

நான் இங்கு எழுப்ப விரும்பும் அறக்கேள்வி இதுதான்: ஒருவர் கண்டதைச் சொல்லும்படி அவரைப் பணிக்க நமக்கு உரிமை உண்டா? அதுவும் அவருடைய நன்மைக்காகவே என்று சொல்லி?

கத்தோலிக்கராகிய நமக்கு உடனே ஒப்புரவு அருள்சாதனம் நினைவுக்கு வரும். சொன்னால் சுமை குறையும் என்பது நாம் வழிவழியாக அறிந்தது. ஆனால் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது தவறு. ஒப்புரவுக்கு வருபவர் தாமாகவே வருகிறார். தாம் செய்ததைச் சொல்கிறாரேயன்றித் தமக்கு நேர்ந்ததையல்ல. கேட்பது ஒரே செவி. அதற்கும் முத்திரை உண்டு. பகிர்வு அமர்விலோ பக்கத்தில் அமர்ந்திருப்பவர் நாளை அதே வண்டியில் ஏறப்போகிறவர். தாம் காணாத கோரத்தையும் பிறர் வாயிலிருந்து கேட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்ல நேரிடும். பாவத்தைச் சொல்வதும் காயத்தைக் காட்டுவதும் வேறு வேறு செயல்கள்.

இவ்வளவும் வெறும் தருக்கமாகவே நின்றிருக்கும், சிலர் சோதித்துப் பார்க்காதிருந்தால். 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் பெய்ல்மர்மேர் பகுதியில் சரக்கு விமானம் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பின்மேல் விழுந்து 43 பேர் மாண்டனர். அங்கு விரைந்த காவலருள் சிலர் பகிர்வு அமர்வுக்குச் சென்றனர், சிலர் செல்லவில்லை. இங்க்ரிட் கார்லியர் அம்மையாரும் உடன் ஆய்வாளரும் அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1998-இல் முடிவை வெளியிட்டனர். எட்டு மாதங்களுக்குப் பின் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. பதினெட்டு மாதங்களுக்குப் பின்னரோ அமர்வுக்குச் சென்றவர்களிடமே பதற்றமும் திடுக்கிடலும் கூடுதலாகக் காணப்பட்டன. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அன்று இது. ஆகவே அமர்வுதான் காரணம் என்று அறுதியிட முடியாது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஜோனதன் பிசன் குழுவினர் தீக்காயமுற்ற 133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 1997-இல் வெளிவந்தது. பதின்மூன்று மாதங்களுக்குப் பின், அமர்வு பெற்றோரில் நூற்றுக்கு 26 பேருக்கு மனக்காய நோய் இருந்தது. பெறாதோரில் நூற்றுக்கு 9 பேருக்கே இருந்தது. அமர்வு பெற்றோரின் தீக்காயங்கள் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையானவை என்பதையும் ஆய்வாளர்களே குறித்துள்ளனர். ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்துக்குள்ளானோரை மூன்றாண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களுள் அமர்வு பெறாதோர் காலப்போக்கில் தேறினர். பெற்றோர் தேறவில்லை என்று அது காட்டியது.

ஏன் இப்படி? உறுதியான விடை இல்லை. புண்ணின்மேல் படியும் பொருக்கை முன்னதாகவே பெயர்ப்பது போன்றது என்று சிலர் விளக்குவர். இன்னின்ன அறிகுறிகள் வரும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பதால் மனம் அவற்றை எதிர்பார்க்கத் தொடங்குகிறது என்பர் வேறு சிலர். ஒன்று தெளிவு: பேச்சே நஞ்சு என்பதன்று. துன்பம் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால், தேர்ந்த உளவியலாரிடம் வாரக்கணக்கில் அமர்ந்து, அதே நினைவைப் படிப்படியாகச் சொல்லி எதிர்கொள்ளும் சிகிச்சை பலருக்கும் நலம் தருகிறது. அதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. எனவே காலமும், அளவும், விருப்பமுமே இங்கு வேறுபாட்டை உண்டாக்குகின்றன எனலாம்.

இனி, இதனினும் ஆழமான ஒன்று. பகிர்வு அமர்வுகளில் பங்குபெற்றோருள் பெரும்பாலோர் அது தமக்கு உதவியது என்றே கூறினர். நடத்தியோரும் அவ்வாறே நம்பினர். கண்ணீர் வந்தது, கைகள் பற்றிக்கொண்டன, நன்றி சொல்லிப் பிரிந்தனர். இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று ஆற்றுப்படுத்துநர் எவரும் நினைக்கக்கூடும். நெதர்லாந்துக் காவலரிடம் நடந்த மற்றோர் ஆய்விலும் அமர்வைப் பற்றிய மனநிறைவு மிகுதியாகவே இருந்தது, நோயோ குறையவில்லை. பிறருக்கு நன்மை செய்வோர் அனைவருக்கும் இது கசப்பான செய்தி. பிறர் துன்பத்தில் நமக்குக் கிடைக்கும் நன்றி, நம் தொண்டு பயன் தந்தது என்பதற்குச் சான்றாகாது. நம் பங்குகளில் நடத்தும் எத்தனையோ கருத்தரங்குகளின் முடிவில் நிரப்பித் தரும் தாள்களை எண்ணிப் பாருங்கள்.

1995-இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் பெவர்லி ராபேல், லெனோர் மெல்ட்ரம், மக்ஃபார்லேன் ஆகிய மூவரும் தலையங்கம் ஒன்று எழுதினர். இவ்வமர்வு உண்மையிலேயே பயன் தருகிறதா என்று முறையான சோதனை வேண்டும் என்பதே அதன் சாரம். கிரான்வில்லையும் திருநீற்றுப் புதன் தீயையும் கண்டவர்கள், மீட்புப் பணியாளரின் துன்பத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள், தம் துறையே பரப்பிவந்த மருந்தைப் பற்றி இவ்வாறு கேட்டனர். இதை நான் அன்பின் செயல் என்றே கருதுகிறேன்.

ஆனால் சோதனை என்றால், பாதிப்பேருக்கு உதவியை மறுப்பதாகாதா? துன்புறுவோரைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது கிறிஸ்தவ மனச்சான்றுக்கு ஏற்குமா? இந்த உறுத்தல் பொய்யன்று. உணவு என்று தெரிந்த ஒன்றைப் பசித்தவனுக்கு மறுத்தால் அது பாவம். உணவா நஞ்சா என்று நமக்கே தெரியாத ஒன்றை, தெரிந்ததுபோல் அனைவருக்கும் ஊட்டுவது எப்படி இரக்கமாகும்? சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரு தெனாரியம் கொடுத்ததோடு நிற்கவில்லை. தாம் திரும்பி வருவதாகவும் சொன்னார். மேற்கொண்டு ஆகும் செலவைத் தருவதற்காக என்று நாம் விளக்குகிறோம். பிழைத்தாரா, நடக்கிறாரா என்று பார்க்கவும் அவர் வந்திருப்பார் அன்றோ! எட்டு மாதம், பதினெட்டு மாதம், மூன்றாண்டு என்று திரும்பிச் சென்று பார்த்த அந்த ஆய்வாளர்கள், உணர்ச்சியற்ற எண்களைத் தேடியவர்களாக எனக்குத் தோன்றவில்லை.

மிட்செல் தரப்பினருக்கும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது அறமன்று. தீக்காயத்தோடு மருத்துவமனைக் கட்டிலில் தனியே கிடப்பவருக்காகத் தம் வழிமுறை உருவாகவில்லை என்றும், ஒன்றாகப் பணியாற்றும் குழுவுக்காக, விரிவான பல உதவிகளுள் ஒன்றாகவே அது அமைந்தது என்றும் அவர்கள் வாதிட்டனர். ஆஸ்திரேலியாவில் தன்னார்வத் தீயணைப்போர் 67 பேரிடம் மிஷெல் டக்கியும் ஜில் ஸ்காட்டும் குழுவாகவே குலுக்கல் முறையில் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மனக்காய அறிகுறிகள் அமர்வால் குறையவில்லை, கூடவுமில்லை. ஆனால் மது அருந்துதல் குறைந்தது. வாழ்க்கைத் தரம் சற்று உயர்ந்தது. மது எத்தனை வீடுகளைத் தின்கிறது என்று அறிந்த நாம் இதனை எளிதாக ஒதுக்க முடியாது.

எனினும் உலகம் வேறு வழி திரும்பிவிட்டது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின், 2005-இல், உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் முடியும் இம்முறையைப் பரிந்துரைக்க இயலாது என்று அறிவித்தது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நெறிகளும் அதே ஆண்டு அவ்வாறே கூறின. 2011-இல் அந்நிறுவனம் பிற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட 'உளவியல் முதலுதவி' வழிகாட்டி நூல் மூன்றே செயல்களைக் கற்பிக்கிறது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். தேவை எதுவென்று பார். சொல்ல விரும்பினால் கேள். உற்றாரோடும் உதவியோடும் இணைத்துவிடு. நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது.

யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் நல்ல நண்பர்களாய் இருந்தது அந்த ஏழு நாளும்தான். முதலில் வாய் திறந்தவர் யோபு, அவர்கள் அல்லர். அவர் பேசிய பின்னர், தமக்குத் தெரிந்த கோட்பாட்டை அவர்மேல் ஏற்றத் தொடங்கியபோதுதான் தவறினார்கள்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. அவர்களுள் ஒருவர் அத்துறையின் ஆன்ம குருவான பிரான்சிஸ்கு சபை அருள்பணியாளர் மைக்கல் ஜட்ஜ். அன்றைய இறப்புப் பதிவேட்டில் முதல் எண் அவருடையது. 1996-இல் நியூயார்க் அருகே விமானம் ஒன்று கடலில் விழுந்து 230 பேர் இறந்தபோது, உறவினர்கள் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று அவர்களோடு நாள்கணக்கில் உடனிருந்தவர் அவர். 2001-க்குப் பின் ஆயிரக்கணக்கான ஆற்றுப்படுத்துநர் அந்நகருக்கு விரைந்தனர். தீயணைப்புத் துறையின் ஆற்றுப்படுத்தும் பிரிவோ, பலரை இழந்த நிலையங்களுக்கே உளநலப் பணியாளரை அனுப்பியது. தீயணைப்பு நிலையத்தில் அனைவரும் கூடும் இடம் சமையலறை மேசை. அங்கே அவர்கள் அமர்ந்தனர். ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்களும் துணை நின்றனர். ஓர் அமர்வோடு முடிந்த வேலை அன்று அது, நெடுங்காலம் நீடித்தது.

ஆனால் காத்திருத்தலிலும் ஆபத்து உண்டு. துன்பம் சிலருக்கு மாதங்கள் கழித்தே வருகிறது என்று திருநீற்றுப் புதன் தீ காட்டியதே! வாய் திறவாமலே மதுவிலும் கோபத்திலும் மூழ்குபவரை யார் கவனிப்பது? பிரித்தானிய அரச மரைன் படையில் தொடங்கி, பின்னர் அங்குள்ள காவல்துறைக்கும் ஆம்புலன்ஸ் பணிக்கும் பரவிய 'ட்ரிம்' என்னும் முறை இதற்கு ஒரு வழி சொல்கிறது. உடன் பணியாற்றும் ஒருவருக்கே பயிற்சி தருகிறார்கள். சிகிச்சை செய்ய அன்று, கவனிக்க. நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய மூன்று நாள் கழித்து அவர் வந்து பேசுவார். ஒரு மாதம் கழித்து மீண்டும் வருவார். நிலை சரியில்லை என்று கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வார். உளநல மருத்துவர் நீல் கிரீன்பர்க் குழுவினர் இதனையும் 12 போர்க்கப்பல்களில் குலுக்கல் முறையில் சோதித்தனர். வீரர்களின் மனநலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை, தீங்கும் தெரியவில்லை, கப்பல்களின் ஒழுங்கு மட்டும் ஓரளவு மேம்பட்டிருந்தது. இம்முறையைப் பரப்பி வந்தவர்களே இம்முடிவை 2010-இல் வெளியிட்டனர்.